ஷட்ஜம் இடம் மாறும் இசை: பரோக், கிளாசிக்கல் வடிவங்களுக்கு ஓர் அறிமுகம்

‘வெஸ்டர்ன் கிளாசிக்கல்’ என்ற ஒரே மூட்டையில் பாக், விவால்டி, மொசார்ட், பீத்தோவன் எல்லோரையும் கட்டிவைப்பது நம் வழக்கம். பேச்சுக்கு அது போதும். ஆனால் இசை படிப்பவர்கள் அதே சொல்லை இன்னொரு குறுகிய பொருளிலும் பயன்படுத்துகிறார்கள். அவர்களுக்குக் ‘கிளாசிக்கல்’ என்பது ஏறத்தாழ 1750 முதல் 1820 வரையிலான ஒரு காலம்: ஹைடன், மொசார்ட், பீத்தோவனின் பெரும்பகுதி. அதற்கு முந்தைய 1600 முதல் 1750 வரையிலானது பரோக்: மொன்டெவெர்டி, கொரெல்லி, விவால்டி, ஹாண்டெல், பாக். அந்தக் கணக்கில் பாக் கிளாசிக்கல் இசையமைப்பாளரே அல்லர்.

குழப்பம் இதோடு நிற்பதில்லை. ‘சொனாட்டா’வும் ‘சொனாட்டா வடிவம்’ என்பதும் ஒன்றென்று பலரும் நினைக்கிறார்கள். வேகமாகவும் சிக்கலாகவும் எதைக் கேட்டாலும் ‘ஃபியூக்’ என்கிறார்கள். பரோக் என்றால் அலங்காரம், கிளாசிக்கல் என்றால் எளிமை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்களும் உண்டு. பெயர்களை மனப்பாடம் செய்வதால் இவை தெளியப்போவதில்லை. இந்த வடிவங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே பொறி ஓடுகிறது. கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுதான் அதைத் தவறவிட அதிக வாய்ப்பு என்பது இதில் வேடிக்கை.

## தம்புராவை நிறுத்திவிட்டுக் கேட்பது

நம் கச்சேரியில் தம்புரா தொடங்கியதிலிருந்து முடியும்வரை ஷட்ஜம் ஒரே இடத்தில் இருக்கிறது. ராகமாலிகையில் ராகங்கள் மாறினாலும் ஸ அசையாது. பரோக், கிளாசிக்கல் இசையில் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே அந்த ஸ இடம் பெயர்கிறது. போன இடத்தில் கொஞ்சநேரம் தங்குகிறது. கடைசியில் புறப்பட்ட இடத்துக்குத் திரும்புகிறது.

ஸ எங்கே இருக்கிறது, அதைச் சுற்றி எந்தச் சுரங்கள் இருக்கின்றன என்ற இரண்டையும் சேர்த்துக் ‘கீ’ என்பார்கள். மெல்லிசை மேடையில் ‘ஸ்கேல்’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். சங்கராபரணத்தின் சுரத்தானங்கள் இருந்தால் அது மேஜர். சாதாரண காந்தாரத்தோடு, நடபைரவிக்கும் கீரவாணிக்கும் நடுவில் ஊசலாடினால் அது மைனர். ஒரு கீயிலிருந்து இன்னொரு கீக்குப் போவதற்கு ‘மாடுலேஷன்’ என்று பெயர்.

ஒரு சாதாரணக் கீபோர்டு இருந்தால் இதை இரண்டு நிமிடத்தில் கேட்டுவிடலாம். வலது கையால் சி-யிலிருந்து வெள்ளைக் கட்டைகளை வரிசையாக வாசியுங்கள். ஸரிகமபதநிஸ, சங்கராபரணம். அடுத்த முறை எஃப்-ஐ விட்டுவிட்டு, அதற்கு வலப்பக்கத்துக் கறுப்புக் கட்டையை, எஃப் ஷார்ப்பை, வாசியுங்கள். சுத்த மத்யமம் போய்ப் பிரதி மத்யமம் வந்துவிட்டது. இடது கை கீழே ஒரு சி-யைப் பிடித்துக்கொண்டிருந்தால் காதில் விழுவது கல்யாணியின் சுரங்கள். வலது கையை நிறுத்தாமல், இடது கையை மட்டும் ஜி-க்கு மாற்றுங்கள். கல்யாணி மறைந்து, ஜி-யை ஸ-வாகக் கொண்ட புதிய சங்கராபரணம் ஒலிக்கும். கமகங்களை ஒதுக்கி வெறும் சுரத்தானங்களை எடுத்துக்கொண்டால், கல்யாணியைப் பஞ்சமத்திலிருந்து கிரகபேதம் செய்வதும் இதே கணக்குதான்.

ஒரு சுரம் ஒரு கட்டை நகர்ந்தது; அடியில் நின்ற சுரம் ப-வுக்குப் போனது. மிகச் சாதாரணமான மாடுலேஷன் இவ்வளவே. பயணம் புறப்படும் ஸ-வின் கீயை டானிக் என்றும், ப-வை ஸ-வாகக் கொண்ட கீயை டாமினன்ட் என்றும் சொல்வார்கள். நாம் வீடு, பக்கத்து ஊர் என்று வைத்துக்கொள்ளலாம்.

முத்துஸ்வாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்கள் ஐரோப்பிய மெட்டுகளுக்கு எழுதப்பட்டவை, சங்கராபரணச் சுரங்களில் அமைந்தவை. அங்கே மெட்டு கடல் தாண்டி வந்தது. அதன் அடியில் நகரும் கார்டுகள், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டங்கள், வரவில்லை. அதனால்தான் அவை தம்புராவோடு ஒட்டிப் பாடப்படுகின்றன.

இதுவரை சொன்னது: மேற்கத்திய இசையில் ஸ நகரும். பெரும்பாலும் முதலில் போவது ப-வுக்கு. இனி வரும் வடிவங்கள், நகர்ந்த ஸ-வை வைத்து என்ன செய்யலாம் என்பதற்கான வெவ்வேறு விடைகள்.

## பரோக் இசை அடியிலிருந்து எழும்புகிறது

‘பரோக்’ என்ற சொல் ஒழுங்கற்ற முத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். பிரான்சில் 1730களில் ரமோ என்ற இசையமைப்பாளரின் ஆபேராவை, அதாவது இசைநாடகத்தை, கிண்டல் செய்ய இந்தச் சொல் பயன்பட்டது. ஒரு வசைச்சொல்தான் பிற்காலத்தில் ஒரு காலகட்டத்துக்கே பெயராகியிருக்கிறது. பாக்கிடம் போய் ‘நீங்கள் பரோக்’ என்று சொல்லியிருந்தால் அவருக்கு விளங்கியிருக்காது.

இந்தக் காலத்தின் அடையாளத்தை அலங்காரத்தில் தேடுவதைவிட அடிக்குரலில் தேடுவது நல்லது. ஏறத்தாழ எல்லாப் பரோக் குழு இசையிலும் பேஸ் வரி ஒன்று நிற்காமல் நடந்துகொண்டிருக்கும். செல்லோ போன்ற ஒரு கருவி அதை வாசிக்க, ஹார்ப்சிகார்டோ (பியானோவுக்கு முந்தைய விசைப்பலகைக் கருவி) ஆர்கனோ லூட்டோ அதன்மேல் கார்டுகளை நிரப்பும். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் பாஸோ கன்டினுவோ, சுருக்கமாக, கன்டினுவோ.

நிரப்ப வேண்டிய கார்டுகளை இசையமைப்பாளர் முழுதாக எழுதித் தருவதில்லை. பேஸ் சுரத்தோடு எண்களை மட்டும் எழுதுவார். எண் இல்லையென்றால் அந்தச் சுரத்திலிருந்து எண்ணி மூன்றாவதும் ஐந்தாவதும் சேர்க்க வேண்டும். 6 என்று இருந்தால் மூன்றாவதும் ஆறாவதும். பேஸில் சி, எண் இல்லை: சி, ஈ, ஜி. பேஸில் ஈ, கூடவே 6: ஈ, ஜி, சி. அதே மூன்று சுரங்கள், வேறு சுரம் அடியில். எந்த ஸ்தாயியில், எவ்வளவு அடர்த்தியாக என்பதெல்லாம் வாசிப்பவர் பொறுப்பு. கல்யாணச் சமையல்காரருக்குச் சாமான் பட்டியலை மட்டும் கொடுத்துவிட்டுக் கைப்பக்குவத்தை அவரிடமே விட்டுவிடுவது போல. பரோக் இசை என்றால் எல்லாமே எழுதியபடி வாசிப்பது என்ற நம்பிக்கை இந்த இடத்தில் அடிபட்டுப் போகிறது.

கொரெல்லியின் 48 ட்ரியோ சொனாட்டாக்களைக் கேட்கப்போகிறவர்கள் மேடையில் நான்கு பேரைப் பார்த்துக் குழம்புவது உண்டு. ‘ட்ரியோ’ என்பது ஆட்களின் எண்ணிக்கையைச் சொல்லவில்லை, வரிகளின் எண்ணிக்கையைச் சொல்கிறது. இரண்டு வயலின் வரிகள், ஒரு பேஸ் வரி. அந்த ஒரு பேஸ் வரியைக் கன்டினுவோவில் இரண்டு பேர் பகிர்ந்துகொள்கிறார்கள்.

இன்னொன்று: ஒரு பரோக் பகுதி (ஓர் உருப்படிக்குள் தனித்து நிற்கும் ஒரு துண்டு) எந்த உணர்வோடு தொடங்குகிறதோ, பெரும்பாலும் அதே உணர்வோடு, அதே தாளத் துடிப்போடு முடிகிறது. நடுவில் மனம் மாறுவது அபூர்வம். கிளாசிக்கல் காலம் இதைத்தான் உடைத்தது.

## விவால்டி: ஊர் சுற்றும் பல்லவி

அந்தோனியோ விவால்டி (1678–1741) வெனிஸில், ஆதரவற்ற பெண் குழந்தைகளை வளர்த்து இசையும் கற்றுத்தந்த பியெத்தா இல்லத்தில் 1703-இல் வயலின் ஆசிரியராகச் சேர்ந்தவர். ஏறத்தாழ 500 கன்செர்ட்டோக்கள் எழுதினார். கன்செர்ட்டோ என்றால் தனிக்கருவிக்கும் குழுவுக்கும் நடக்கும் உரையாடல். ‘நான்கு பருவங்கள்’ என்று உலகம் முழுக்க ஒலிக்கும் நான்கும் 1725-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான ஒரு தொகுப்பின் பகுதி.

அவற்றில் ‘வசந்தம்’ கன்செர்ட்டோவின் முதல் பகுதி ரிட்டர்னெல்லோ வடிவத்துக்கு நல்ல பாடம். ரிட்டர்னெல்லோ என்றால் திரும்பத் திரும்ப வரும் குழு வரி. பல்லவி, சரணம், மறுபடி பல்லவி என்ற நம் அமைப்பு நினைவுக்கு வரும். பாதிவரை அது சரி. குழு வாசிக்கும் பல்லவி முதலில் முழுதாக வரும். பிறகு தனி வயலின்கள் சரணம்போல வரும்: பறவைகளின் கூவல், ஓடையின் சலசலப்பு, இடி மின்னல், மறுபடி பறவைகள். அச்சிட்ட தொகுப்பிலேயே ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு கவிதை உண்டு. எந்தச் சத்தம் எதைக் குறிக்கிறது என்பது அதிலிருந்து தெரியும்.

நம் பல்லவியிலிருந்து விலகும் இடம் இதுதான்: திரும்பி வரும் பல்லவி சுருங்கி வருகிறது, அதோடு வேறு கீயில் வருகிறது. வீடு ஈ மேஜர். ஓடைக்குப் பிறகு பல்லவி பி மேஜரில் வரும். அது பஞ்சமம், பக்கத்து ஊர். புயலுக்குப் பிறகு சி ஷார்ப் மைனரில் வரும். அதே மகிழ்ச்சியான மெட்டு, சிறிய காந்தாரத்தோடு, நனைந்த பறவையைப் போல. முடிவில் ஈ மேஜர். மெட்டை மட்டும் கவனிப்பவருக்கு ‘திரும்பத் திரும்ப ஒன்றையே வாசிக்கிறார்கள்’ என்று தோன்றும். ஸ எங்கே நிற்கிறது என்று கவனித்தால் ஒரு முறை வந்தது மறுமுறை வரவில்லை என்பது புரியும்.

பாக் இந்த உத்தியை விவால்டியின் கன்செர்ட்டோக்களை விசைப்பலகைக்கு மாற்றி எழுதியே கற்றுக்கொண்டார். 1721-இல் பிராண்டன்பர்க் பிரபுவுக்கு அவர் அனுப்பிய ஆறு கன்செர்ட்டோக்களில் அந்தப் பாடம் தெரிகிறது. ஐந்தாவதில், மற்ற எல்லோரும் வாயடைத்து நிற்க, அதுவரை பின்னணியில் கார்டு நிரப்பிக்கொண்டிருந்த ஹார்ப்சிகார்டு 65 பார்களுக்குத் தனியாக வாசிக்கிறது. பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று. நம் ஆவர்த்தனத்தைப் போன்ற அளவு.

## ஃபியூக் என்னும் பின்னல் கோலாட்டம்

பின்னல் கோலாட்டத்தில் ஆளுக்கு ஒரு கயிறு. ஒவ்வொருவரும் போகும் வழி ஒன்றுபோலத்தான். ஆனால் புறப்படும் நேரம் வேறு. அதனால்தான் மேலே பின்னல் விழுகிறது. ஃபியூக்கில் கயிறுகளுக்குப் பதில் குரல்கள். ‘குரல்’ என்றால் பாடகர் என்று பொருளில்லை. தனித்து நடக்கும் ஒரு சுரவரி. ஒரே பியானோவில் இரண்டு கை மூன்று, நான்கு குரல்களை வாசிக்கலாம்.

பாக் 1722-இல் முடித்த, 24 கீக்களுக்கும் ஒவ்வொரு ப்ரெலூடும் (முன்னுரைபோல வரும் சிறு உருப்படி) ஃபியூக்கும் கொண்ட தொகுப்பின் முதல் பாகத்தில் இரண்டாவது ஃபியூக் சி மைனரில் இருக்கிறது. மூன்று குரல்கள், 31 பார்கள். பெரும்பாலான பதிவுகளில் இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்ல மாதிரி இல்லை.

நடுக்குரல் முதலில் தனியாக வருகிறது. அது சொல்லும் இரண்டு பார் வாக்கியத்துக்குச் சப்ஜெக்ட், கரு, என்று பெயர். சி-யை ஸ-வாகக் கொண்டால் ‘ஸநிஸ ப’ என்று கீழே இறங்கித் தொடங்கும், சுரங்கள் கீரவாணியுடையவை. மூன்றாவது பாரில் மேல்குரல் அதே கருவைப் பஞ்சமத்திலிருந்து சொல்கிறது. இதற்குப் பதில் என்று பெயர். நடுக்குரல் அப்போது நின்றுவிடுவதில்லை, வேறொரு வரியை எதிராக ஓட்டுகிறது. ஏழாவது பாரில் கீழ்க்குரல் கருவோடு நுழைகிறது. எல்லோரும் வந்தாயிற்று.

பதில் கருவின் நேர் நகல் இல்லை என்பதில் நுட்பம் இருக்கிறது. அப்படியே பஞ்சமத்துக்கு மாற்றினால் ‘ஸநிஸ ப’ என்பது ஜி, எஃப் ஷார்ப், ஜி, டி என்றாக வேண்டும். பாக் நான்காவது சுரத்தை டி-யாக வைக்காமல் சி-யாக வைக்கிறார். ஸ-விலிருந்து ப-வுக்கு இறங்கியதற்குப் பதிலாக ப-விலிருந்து ஸ-வுக்கு இறங்குகிறது. வீட்டை விட்டு இவ்வளவு சீக்கிரம் தொலைவாகப் போய்விடக் கூடாது என்ற எச்சரிக்கை அந்த ஒரு சுரத்தில் இருக்கிறது.

பிறகு கரு வராத இடைவெளிகள் வரும். இவற்றுக்கு எபிசோட் என்று பெயர். கருவிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்துப் படிப்படியாக நகர்த்தியபடி ஸ-வை இன்னோர் ஊருக்கு அழைத்துப் போவது இவற்றின் வேலை. 11-ஆம் பாரில் கரு ஈ ஃப்ளாட் (ஈ-க்கு இடப்பக்கத்துக் கறுப்புக் கட்டை) மேஜரில் வந்து முகம் மலர்கிறது, 15-இல் ஜி மைனர், 20-இல் வீடு. கடைசியாக, அடியில் ஒரு நீண்ட ஸ நின்றிருக்க, மேலே கரு ஒருமுறை. (அந்த மூன்று பாருக்குத் தம்புராவே வந்துவிட்டது போல இருக்கும்.) கடைசிக் கார்டில் சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாக மாறி, மைனர் மேஜராக முடிகிறது.

கேட்பவர்கள் செய்யும் பிழை, மேல்குரலை மட்டுமே மெட்டென்று பிடித்துக்கொள்வது. மறுமுறை கேட்கும்போது ‘ஸநிஸ ப’ எந்த உயரத்தில் வருகிறது என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். எட்டு முறை வரும்.

இங்கே ஒரு திருத்தம். ஃபியூக்கை ஒரு ‘வடிவம்’ என்று பட்டியலில் போட்டாலும், அது உண்மையில் ஒரு வேலைமுறை. முதல் சுற்றில் குரல்கள் எப்படி நுழைய வேண்டும் என்பது மட்டுமே ஏறத்தாழ நிலையானது. அதற்குப் பிறகு எத்தனை எபிசோட், எந்தெந்த ஊர் என்பதற்குச் சட்டம் கிடையாது. பாக்கின் இரண்டு ஃபியூக்குகள் ஒரே அச்சில் இருப்பதில்லை.

பரோக் காலத்தின் மற்ற வடிவங்களைப் போகிறபோக்கில் சொல்லிவிடலாம். சூட் என்பது நடனங்களின் கோவை: நிதானமான அலமான்ட், ஓடும் கூரான்ட், மூன்று எண்ணிக்கையில் இரண்டாவதில் அழுந்தும் மெதுவான ஸாரபான்ட், துள்ளும் ஜீக். இவை பெரும்பாலும் ஆடுவதற்காக எழுதப்பட்டவை அல்ல. நடனத்தின் நடை மட்டும் மிஞ்சியது. டா காப்போ ஆரியா ஆபேராவில் ஒருவர் பாடும் பாட்டு: முதல் பகுதி, மாறுபட்ட இரண்டாம் பகுதி, மறுபடி முதல் பகுதி. திரும்பும்போது பாடகர் சொந்தமாகச் சங்கதி போட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

இதுவரை சொன்னது: பரோக் இசை ஒரு கருவை எடுத்து, நிற்காத பேஸின்மேல் அதைப் பின்னிக்கொண்டே போகிறது. ஸ பல ஊர் போய்வருகிறது. ஆனால் போவது ஒரு நாடகமாக ஆக்கப்படுவதில்லை.

## 1750-இல் என்ன நடந்தது?

பாக் இறந்தார். அதைத் தவிர அந்த ஆண்டில் பெரிதாக எதுவும் முடியவுமில்லை, தொடங்கவுமில்லை. ஹாண்டெல் 1759 வரையிலும் டெலெமன் 1767 வரையிலும் இருந்தார்கள். மறுபக்கம், பாக்கின் மகன்களே 1750-க்கு முன்பிருந்தே வேறு பாணியில் எழுதத் தொடங்கிவிட்டார்கள். இளைய மகன் யோகான் கிறிஸ்டியன் பாக்கை 1764-இல் லண்டனில் சந்தித்த எட்டு வயதுச் சிறுவன் மொசார்ட், பெரிய பாக்கைவிட இவரிடம்தான் முதலில் கற்றான்.

புதிய பாணியில் மேலே ஒரு தெளிவான மெட்டு, கீழே எளிய துணை. நான்கு பார் கேள்வி, நான்கு பார் பதில் என்று சொற்றொடர்கள் பிரிந்து நிற்கும், மூச்சுவிட இடம் இருக்கும். மொசார்ட்டின் சி மேஜர் பியானோ சொனாட்டாவில் (கோஹெல் எண் 545; கோஹெல் என்பவர் தொகுத்த மொசார்ட் படைப்புப் பட்டியலின் எண்) இடது கை ‘ஸபகப ஸபகப’ என்று சுழன்றுகொண்டே இருப்பதைப் பியானோ படிக்கும் பிள்ளைகள் அறிவார்கள். கார்டை ஒரே அடியாக அடிக்காமல் உதிர்த்துப் போடும் இந்த உத்திக்கு அல்பெர்ட்டி பேஸ் என்று பெயர். கன்டினுவோ பார்த்துவந்த நிரப்பும் வேலையை இதுபோன்ற துணைவரிகளும், குழுவில் வியோலாக்களும் ஹார்ன்களும் எடுத்துக்கொண்டன. ஹார்ப்சிகார்டு மெல்ல வெளியேறியது.

கருவியும் காரணம். ஹார்ப்சிகார்டு தந்தியை இறகுத்தண்டால் மீட்டுகிறது; விரலை எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் ஒலியின் அளவு மாறாது. ஃபுளோரன்ஸில் கிறிஸ்டோஃபோரி 1700 வாக்கில் செய்த பியானோ சிறு சுத்தியலால் தட்டுகிறது. மெதுவாகத் தொடங்கி ஓங்கி முடிக்க முடியும் என்றான பிறகு, ஒரே பகுதிக்குள் மனம் மாறுவதும் எளிதாயிற்று.

## சொனாட்டா வடிவம்: வெளியூரில் கிடைத்த நண்பர்

எல்லோரும் கேட்டிருக்கக்கூடிய ஒன்றிலிருந்து தொடங்கலாம். மொசார்ட் 1787 ஆகஸ்ட் 10-ஆம் தேதியிட்டு வியன்னாவில் முடித்த, தந்திக் கருவிகளுக்கான ‘சிறு இரவிசை’ (கோஹெல் எண் 525), முதல் பகுதி. ஜி-யை ஸ-வாக வைத்தால் தொடக்கம் இப்படி: ஸ, பஸ, பஸபஸகப. பதில்: ம, ரிம, ரிமரிநிரிப. கேள்வி ஸ-வின் கார்டை விரிக்கிறது. பதில் ப-வின் கார்டை விரித்துக் கீழ்ப்பஞ்சமத்தில் நிற்கிறது.

இந்தப் பகுதி மூன்று கட்டங்களில் நடக்கிறது.

முதல் கட்டம் எக்ஸ்பொசிஷன், அதாவது அறிமுகம்: 1 முதல் 55-ஆம் பார் வரை. வீட்டுக் கீயான ஜி மேஜரில் முதல் மெட்டு. பிறகு ஒரு பாலம். அதில்தான் சி, சி ஷார்ப்பாக மாறத் தொடங்குகிறது, கீபோர்டில் நாம் செய்து பார்த்த அதே வித்தை. டி மேஜருக்கு வந்து சேர்ந்ததும் மென்மையான இரண்டாவது மெட்டு. அறிமுகம் டி மேஜரிலேயே முடிகிறது. அதாவது, வெளியூரில்.

இரண்டாம் கட்டம் டெவலப்மென்ட், வளர்ச்சி: 56 முதல் 75 வரை, வெறும் 20 பார்கள். தெரிந்த துண்டுகள் டி-யிலிருந்து சி மேஜர் என்று நிலையில்லாமல் அலைகின்றன. எந்த ஊரிலும் பாய் விரிப்பதில்லை.

மூன்றாம் கட்டம் ரீகாப்பிச்சுலேஷன், மீள்வரவு: 76-ஆம் பாரிலிருந்து. முதல் மெட்டு ஜி-யில் திரும்புகிறது. இரண்டாவது மெட்டும் வருகிறது, ஆனால் டி-யில் இல்லை, ஜி-யில். வெளியூரில் சந்தித்த நண்பர் இப்போது நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். சொனாட்டா வடிவத்தின் உயிர் இந்த ஒரு நிகழ்ச்சியில் இருக்கிறது. அறிமுகத்தில் திறந்துவிட்ட இடைவெளி இங்கே அடைகிறது.

இந்த வருகை ஆளையே மாற்றிவிடுவதும் உண்டு. மொசார்ட்டின் 40-ஆம் சிம்பொனி ஜி மைனரில் உள்ளது. முதல் பகுதியின் இரண்டாவது மெட்டு அறிமுகத்தில் பி ஃப்ளாட் மேஜரில், ஆறுதலாக வருகிறது. மீள்வரவில் வீட்டுக்கு வந்தாக வேண்டும், வீடோ மைனர். அதே மெட்டு ஜி மைனரில் வரும்போது ஆறுதல் இல்லாமல் போய்விடுகிறது. பரோக் இசையில் மெட்டு வேறு கீக்குப் போனால் நிறம் மாறும். இங்கே மெட்டுக்கு ஒரு கதையே நேர்ந்துவிடுகிறது. இரண்டு காலங்களுக்கும் நடுவிலுள்ள வேறுபாடாக ஒன்றைத்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

## தவறிப்போகும் இடங்கள்

அறிமுகப் பகுதியைத் தொடக்கத்திலிருந்து மறுபடி வாசிக்க வேண்டும் என்று எழுதியே இருக்கும். புதிதாகக் கேட்பவர்கள் அந்த இரண்டாம் முறையை மீள்வரவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது மெட்டு எந்தக் கீயில் வருகிறது என்று பாருங்கள். இன்னும் வெளியூரில் இருந்தால் அது மறுவாசிப்பு.

மெட்டுகளை எண்ணுவது இன்னொரு பொறி. ‘இரண்டு மாறுபட்ட மெட்டுகள் இருந்தால் சொனாட்டா வடிவம்’ என்ற விளக்கம் ஹைடனிடம் பலிக்காது. அவருடைய 104-ஆம் சிம்பொனி டி மேஜர். முதல் பகுதியில் பக்கத்து ஊரான ஏ மேஜருக்குப் போய்ச் சேர்ந்ததும், அங்கே முதல் மெட்டையே மறுபடி வாசிக்கிறார். ஊர் மாறியது போதும், ஆள் மாற வேண்டாம் என்பது அவர் கணக்கு.

அச்சுக்கு அடங்காத உதாரணங்களும் உண்டு. மேலே சொன்ன மொசார்ட்டின் 545-ஆம் எண் சொனாட்டாவை அவரே தொடக்க மாணவர்களுக்கு என்று குறித்துவைத்தார். ஆனால் அதில் மீள்வரவு வீடான சி மேஜரில் தொடங்காமல் எஃப் மேஜரில் தொடங்குகிறது. பாடப்புத்தக இலக்கணத்தோடு முதல் பாடமே முட்டிக்கொள்கிறது! காரணம் எளிது: இந்தப் பெயரும் இலக்கணமும் 19-ஆம் நூற்றாண்டில், மொசார்ட்டும் ஹைடனும் போன பிறகு, கோட்பாட்டாளர்கள் வகுத்தவை. இசையமைப்பாளர்கள் கையில் இருந்தது ஒரு பழக்கம் மட்டுமே.

வளர்ச்சிப் பகுதியின் அளவும் நிலையானதில்லை. ‘சிறு இரவிசை’யில் 20 பார்கள். பீத்தோவன் 1804-இல் முடித்த மூன்றாவது சிம்பொனியின் முதல் பகுதியில் மொத்தம் 691 பார்கள். வளர்ச்சி அறிமுகத்தைவிட நீளம். அலைந்து திரிவதே பயணத்தின் முக்கிய பகுதி ஆகிவிடுகிறது.

## சொனாட்டா, சிம்பொனி: யார் வாசிக்கிறார்கள் என்ற கேள்வி

சொனாட்டா வடிவம் என்பது ஒரு பகுதியின் உள்கட்டுமானம். சொனாட்டா என்பது பல பகுதிகள் கொண்ட முழு உருப்படி. கிளாசிக்கல் காலத்தில் பியானோ தனியாகவோ, ஒரு கருவியும் பியானோவுமாகவோ வாசிப்பது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோவுக்கு எழுதினால் அது குவார்டெட். முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதினால் சிம்பொனி. தனிக்கருவி ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்தால் கன்செர்ட்டோ. இவற்றின் முதல் பகுதி பெரும்பாலும் சொனாட்டா வடிவத்தில் இருக்கும். ஆகவே சிம்பொனிக்குள்ளும் சொனாட்டா வடிவம் உண்டு. பெயர்க்குழப்பத்துக்கு வேர் இதுதான்.

நான்கு பகுதி கொண்ட சிம்பொனியில் வழக்கமான வரிசை: வேகம், மெதுவு, மினுவெட், மறுபடி வேகம். மினுவெட் மூன்று எண்ணிக்கை நடனம், சூட்டிலிருந்து தப்பிப் பிழைத்து வந்தது. மெதுவான பகுதி சில சமயம் வேரியேஷன், அதாவது ஒரு மெட்டுக்குப் பல வேடங்கள். ஹைடனின் 94-ஆம் சிம்பொனியின் இரண்டாவது பகுதி அப்படிப்பட்டது. பிள்ளைப்பாட்டு போன்ற மெட்டு மெல்லமெல்ல அடங்கிப்போக, 16-ஆம் பாரில் முழு ஆர்கெஸ்ட்ராவும் ஒரே அடி அடிக்கும். பின்னால் வரும் வேரியேஷன்களில் அந்த அடியைக் காது எதிர்பார்க்கும், ஹைடன் கொடுக்கமாட்டார்.

கடைசிப் பகுதிக்கு ரோண்டோ விருப்பமான வடிவம்: ஒரே மெட்டு ஒவ்வொரு இடைப்பகுதிக்குப் பிறகும் திரும்பும். ரிட்டர்னெல்லோவுக்கு உறவுபோலத் தோன்றினாலும், ரோண்டோவில் மெட்டு பொதுவாக வீட்டுக் கீயிலேயே திரும்பும், ஊர் சுற்றாது. பீத்தோவனின் ‘எலிஸாவுக்காக’ தனி உருப்படியே இந்த அமைப்பில் இருக்கிறது. நாம் முணுமுணுக்கும் ஏ மைனர் மெட்டு, எஃப் மேஜரில் ஓர் இளைப்பாறல், மறுபடி மெட்டு, அடியில் ஏ படபடவென்று அடித்துக்கொள்ளும் ஒரு பதற்றம், மறுபடி மெட்டு.

## இரண்டு காலமும் ஒரே இடத்தில்

மேலே வந்தவற்றை ‘வசந்தம்’, சி மைனர் ஃபியூக், ‘சிறு இரவிசை’, 40-ஆம் சிம்பொனி என்ற வரிசையில், ஒவ்வொன்றிலும் முதல் பகுதியை மட்டும், இரண்டு மூன்று முறை கேட்டால் ஸ நகர்வது காதுக்குப் பழகும். அதற்குப் பிறகு மொசார்ட்டின் 41-ஆம் சிம்பொனியின் கடைசிப் பகுதிக்குப் போகலாம்.

1782-இல் மொசார்ட் வியன்னாவில் வான் ஸ்வீட்டன் பிரபுவின் வீட்டுக்கு ஞாயிறுதோறும் போய்வந்தார். அங்கே வாசிக்கப்பட்டவை ஹாண்டெலும் பாக்கும். பழைய பாணி என்று ஊர் ஒதுக்கிவைத்திருந்த ஃபியூக்குகளை அவர் அங்கே உட்கார்ந்து படித்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1788 ஆகஸ்ட் 10-இல், ‘சிறு இரவிசை’க்குச் சரியாக ஓராண்டுக்குப் பின், 41-ஆம் சிம்பொனியை முடித்தார். கடைசிப் பகுதி சி மேஜர், கட்டுமானம் முழுக்கச் சொனாட்டா வடிவம்: வீடு, பக்கத்து ஊர், அலைச்சல், மீள்வரவு. அதன் தலைப்பு மெட்டு நான்கே சுரம், ஆளுக்கு ஒரு பார்: ஸ, ரி, ம, க.

மீள்வரவு முடிந்து எல்லோரும் வீடு வந்து சேர்ந்த பிறகு ஒரு கோடா வருகிறது. கோடா என்றால் வாலாகச் சேர்க்கும் முடிவுப்பகுதி. அதுவரை ஒவ்வொன்றாக அறிமுகமான ஐந்து மெட்டுகளையும் மொசார்ட் அங்கே ஒன்றாக இழுத்து, ஃபியூக்கின் முறையில், ஒரே நேரத்தில் ஓடவிடுகிறார். தந்திக் கருவிகள் ஐந்தையும் மாற்றி மாற்றிக் கைமாற்றிக்கொள்கின்றன. முதல்முறை கேட்கும்போது எல்லாவற்றையும் பிடிக்க முயல வேண்டாம். நீண்டு ஒலிக்கும் ஸ-ரி-ம-க மட்டும் எந்தக் கருவியில் இருக்கிறது என்று தேடுங்கள். செல்லோவும் டபுள் பேஸும் அதைப் பிடிக்கும்போது தெரிந்துவிடும்.